பதினாலாவது நிரை

தன் அப்பாவின் சமாதியில் யாரோ மஞ்சள் ரிப்பன் கட்டிவிட்டுப் போயிருப்பதைக் குமுதா பார்த்தபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வழக்கம்போலப் படையல் சாமான்களைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானிலிருந்து ஜெஞ்சாரோம் பக்கம் வந்திருந்தாள். பையில் ஒரு பாட்டில் கருப்பு பீர், இரண்டு சுருட்டு, வறுத்த நெத்திலி, வாழை இலையில் மடித்த சோறு. அவள் அப்பா அங்கமுத்துவுக்கு உயிரோடு இருந்தபோது பிடித்தவை அவ்வளவுதான்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. எவனோ ரிப்பன் கட்டியிருக்கான்."

அவள் கணவர் வேலாயுதம் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் சர்வேயரிடம் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்த மனிதர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் தரையைப் பார்க்காமல் அவரால் நடக்க முடியாது. பக்கத்தில் வந்து குனிந்தார். நீலச் சாயம் அடித்த சிமெண்டு விளிம்பு, அதில் 'அ. அங்கமுத்து' என்று குமுதா எழுதிவைத்த பெயர், தலைமாட்டில் குரோட்டன் செடி எல்லாம் அப்படியே இருந்தன. புதிதாக ஓர் இரும்புக் குச்சி நட்டு, 41 என்று நம்பர் மாட்டி, அதில்தான் ரிப்பனைக் கட்டியிருந்தார்கள்.

"மத்த குச்சியெல்லாம் சும்மாதான் இருக்கு. ரிப்பன் கட்டினா யாரோ கேட்டிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார் வேலாயுதம்.

சுங்கை செராய் தோட்டம் விற்றுப்போய்விட்டது. செம்பனை மரங்களை இயந்திரம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தது. நடுவில் மிச்சம் இருந்தது இந்த ஒன்றரை ஏக்கர் சுடுகாடுதான். சொந்தக்காரர்கள் வந்து சமாதியை அடையாளம் காட்டிப் பதிய வேண்டும், தோண்டி எடுத்து எலும்பைக் குடும்பத்திடம் கொடுப்போம், யாரும் கேட்காததை எல்லாம் டெங்கில் பக்கம் ஒரே குழியில் அடக்கம் செய்துவிடுவோம் என்று தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. அப்பாவின் எலும்பை வாங்கி, முறையாக எரித்து, மோரிப் கடலில் கரைத்துவிட வேண்டும் என்பதுதான் குமுதாவின் நினைப்பு. அதற்காகவும்தான் வந்திருந்தாள்.

கூடாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவன் சதீஷ்குமார். தோண்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் கிராணி, கணக்கு எழுதுபவன். கழுத்தில் ஈரத்துண்டு, முன்னால் ஒரு சின்ன மின்விசிறி.

"நாப்பத்தொண்ணா? அது நேத்தே ஒரு அக்கா கிளைம் பண்ணிட்டாங்களே ஆன்டி."

"அது எங்க அப்பா, தம்பி."

"அவங்க பெரியம்மான்னு எழுதியிருக்காங்க."

"பெரியம்மாவா? எங்க அப்பா எப்படிப்பா பெரியம்மா ஆவாரு?"

"எனக்கு எப்படித் தெரியும் ஆன்டி? அவங்க பழைய மேப் எல்லாம் கொண்டு வந்து காட்டினாங்க. ஸ்கேல் வச்சு அளந்தாங்க. நான் ரிப்பன் கட்டினேன், அவ்ளோதான்."

"பேரு எழுதியிருக்குல்ல? கண்ணு தெரியாதா அவங்களுக்கு?"

"சாபார் லா ஆன்டி, கொஞ்சம் பொறுங்க. அவங்களும் அதான் கேட்டாங்க, எங்க பெரியம்மா மேல யார் வந்து பேர் எழுதினதுன்னு." சதீஷ்குமார் ஒரு காகிதத்தில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தான். "ரெண்டு பேர் கேட்டா, ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வரணும். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம். இல்லன்னா நாப்பத்தொண்ணு, ஆள் இல்லாத லிஸ்ட்டுல போயிரும்."

"போனா?"

"ஒரே குழிதான் ஆன்டி."

அன்று படையல் போடவில்லை. வேறு ஒருவர் ரிப்பன் கட்டின இடத்தில் எப்படிப் போடுவது என்று குமுதாவுக்குக் குழப்பமாக இருந்தது. பீர் பாட்டில் பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அங்கமுத்து இறந்தது எழுபத்தெட்டில், மஞ்சள்காமாலையில். குமுதாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், பெண்கள் லயத்து வீட்டு வாசலோடு நின்றுகொண்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை, அவள் அம்மா காளியம்மாவும் பார்க்கவில்லை. ஆனால் காளியம்மா மரம் வெட்டிப் பாலெடுத்த ரப்பர்க் காடு சுடுகாட்டை ஒட்டியே இருந்தது. தோட்டத்துச் சாலையான சடக்கிலிருந்து மர வரிசைகளை எண்ணினால் பதினாலாவது நிரை அவளுடையது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அவளுடைய அண்ணன் வந்து, உன் நிரைக்கு நேரேதான் மாப்பிள்ளை படுத்திருக்கிறார் என்று கையைக் காட்டிவிட்டுப் போனாராம். ஆறு வருஷம், தினமும் விடியற்காலையில், பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு காளியம்மா அந்தப் பக்கம் பார்த்துப் பேசுவாள். மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் பின்னாலேயே போகும் குமுதாவுக்கு அம்மா மரத்தோடு பேசுவது போலத்தான் தெரியும்.

எண்பத்து நாலில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். அதோடு அவர்கள் தோட்டத்தைவிட்டுக் கிள்ளானுக்கு வந்துவிட்டார்கள். கையுறைத் தொழிற்சாலையில் ஏழு வருஷம் வேலை பார்த்த காளியம்மா மூச்சிரைப்பில் படுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆக்ஸிஜன் குழாயைத் தள்ளிவிட்டு மகளிடம் சொன்னது இதுதான்: "சடக்குல இருந்து எண்ணு. பதினாலாவது நெர, நான் வெட்டுன நெர. அதுக்கு நேரா, வேலிக்கு அந்தாண்ட நாலு எட்டு. அங்கதான் உங்கப்பா. வருசத்துக்கு ஒருக்கா போயிடு."

குமுதா போனாள். பதினாலு எண்ணினாள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தாள். குரோட்டன் செடியோடு ஒரு மேடு இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து முப்பத்து மூன்று வருஷம், ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. கல்யாணப் பத்திரிகையை முதலில் அங்கேதான் வைத்தாள். ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது அங்கே போய் மண்ணில் தலை வைத்து அழுதாள். அடுத்த வருஷம் புனிதா பிறந்தாள். அப்பா கொடுத்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்போது போய் அது யாரோ ஒருத்தரின் பெரியம்மா என்றால்?

மேப் கொண்டுவந்த பெண்ணின் பெயர் மாதவி. போனில் மரியாதையாகவே பேசினாள். "அக்கா, போன்ல சண்ட போட வேண்டாம். ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு வாங்க. அம்மாவையும் பாருங்க, மேப்பையும் பாருங்க" என்று சொல்லி, பிரிக்பீல்ட்ஸ் விலாசத்தைக் கொடுத்தாள்.

"போவோம்" என்றார் வேலாயுதம். அவருக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. "மேப்பாம். நான் பாக்காத மேப்பா? ஸ்கேல் தப்பா போட்டு அளந்திருக்கும் அந்தப் பொண்ணு. ரெண்டு நிமிசத்துல எடுத்துக் காட்டுறேன் பாரு." மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வடைக்கடை வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, கிள்ளானில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினார்கள். வெறும் கையோடு போகக் கூடாதென்று குமுதா இருபது வடையைப் பொட்டலம் கட்டியிருந்தாள். பூக்கடைகளைத் தாண்டி, தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டு, பழைய அடுக்குமாடி ஒன்றில் நாலாவது மாடிக்கு ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது.

மாதவிக்கு நாற்பது வயது இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். ஐந்தாறு வருஷமாக இதுதான் அவளுக்குப் பைத்தியம். தோட்டம் தோட்டமாகப் பழைய மேப்புகளைத் தேடி, குடும்பத்தில் யார் எந்த லயத்தில் பிறந்தார், எந்த மண்ணில் கிடக்கிறார் என்று குறித்துவைப்பாள். அவள் அம்மா தாயம்மாள் எழுபது வயதுக்காரர். முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தபடி வடையைப் பிட்டுப் பார்த்து, "உளுந்து நல்லா ஆட்டியிருக்க" என்றார். சண்டைக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு ஆரம்பத்தைக் குமுதா எதிர்பார்க்கவில்லை.

"எங்க அக்கா மாரியாயி, எழுபத்தொண்ணுல போயிட்டா" என்று தாயம்மாளே தொடங்கினார். "பத்தொம்பது வயசு. கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருந்திச்சு. மூணு நாள் காய்ச்சல், அவ்ளோதான். எனக்குப் பதினேழு. எங்கப்பா என்னையக் கூட்டிட்டுப் போயி எடத்தக் காமிச்சாரு. ரெண்டு பாரிட் சேருற மூலையில இருந்து சடக்குப் பக்கமா இருபது எட்டு. எங்கப்பா எட்டு வச்சாரு, நான் எண்ணினேன்."

"பாரிட் ரெண்டு எங்க இருக்கு? தண்ணி ஓடுற வாய்க்கா ஒண்ணுதானே இருக்கு" என்றாள் குமுதா.

"அதான் அக்கா." மாதவி ஒரு பெரிய காகிதத்தை விரித்தாள். "செம்பனை நட்டப்ப ஒரு பாரிட்ட மூடிட்டாங்க. அதனாலதான் இத்தன வருசமா எங்களால எடத்தக் கண்டுபிடிக்க முடியல. இது தோட்டத்து பழைய பிளான். ஆபீஸ் கிராணியா இருந்தவரோட மகன் வீட்டுல, அலமாரிக்கு அடியில விரிச்சிருந்தாங்க. பாருங்க, இது சடக்கு, இந்த வளைவு இன்னிக்கும் இருக்கு. மதகும் அதே எடம்தான். இங்க ரெண்டாவது பாரிட். இந்த மூலையில இருந்து அளந்தா நேரா நாப்பத்தொண்ணாம் நம்பர்."

"எங்கம்மா சாகுறப்ப சொன்னது பொய்யா?" குமுதாவுக்குக் குரல் ஏறியது. "பதினாலாவது நெர. நான் எண்ணிப் போனேன். முப்பத்து மூணு வருசமா சோறு வச்சிருக்கேன். எங்கப்பாவுக்குன்னு வருசா வருசம் ஒரு பாட்டில் ஊத்துறேன்."

"என்னது ஊத்துற?" என்றார் தாயம்மாள்.

"கருப்பு பீரு. அப்புறம் சுருட்டுப் பத்த வச்சு வைப்பேன்."

தாயம்மாள் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். "எங்க அக்கா கன்னிம்மா. கல்யாணம் ஆகாம போனவ. நாங்க வீட்டுல பாவாட, வளையல், பூவு வச்சுக் கும்பிடுற தெய்வம். அவ தலையிலயா நீ பீரு ஊத்துன?"

"அது உங்க அக்கா இல்லன்னுதானே நான் சொல்றேன்!"

மாதவி இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டினாள். மழைச் சத்தத்தில் எல்லோரும் கொஞ்சம் உரக்கவே பேசிக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிளானின் மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து, ஓரத்திலிருந்த சின்ன எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ எழுதிக் கூட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"போலாம் குமுதா."

"என்ன போலாம்? தப்பு எங்கன்னு காட்டுறேன்னீங்களே, காட்டுங்க."

"மழ விட்டுருச்சு. போலாம்."

மழை விடவே இல்லை. ரயிலில் அவள் நாலு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும், "வீட்டுக்குப் போயி சொல்றேன்" என்றார். வீட்டுக்குப் போனதும் தலைவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தலைவலி என்று அந்த மனிதர் படுத்ததை அவள் பார்த்ததில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். அவர் கையை இறுக மூடிக்கொண்டு தூங்கினார், அல்லது தூங்குகிற மாதிரி கிடந்தார்.

மறுநாள் காலை ஏழு மணி. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சடக்கோரத்தில் தார்ப்பாய் கட்டின இரண்டு மேசை. ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டி, ஒரு பக்கம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள். முதல் கூட்டம் போன பிறகு வேலாயுதம் ஒரு துணியால் மேசையைத் துடைத்தார். வடைகளை எடுத்து மேசை விளிம்பிலிருந்து ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையாக வைத்தார். பதினாலு வைத்து நிறுத்தினார். அதற்கு இணையாகப் பக்கத்தில் நாசி லெமாக் பொட்டலங்களை வைத்தார். அதிலும் பதினாலு. பொட்டல வரிசை வடை வரிசையைத் தாண்டி வெகுதூரம் போய் மேசையின் அடுத்த கோடியில் முடிந்தது.

"என்னங்க இது, கடைய அலங்காரம் பண்றீங்களா?"

"இது பால் மரம்" என்று வடையைக் காட்டினார். "இது செம்பன."

குமுதா கரண்டியோடு நின்றாள்.

"அந்த பிளான்ல ஓரத்துல எழுதியிருக்கு. ரப்பர், நெரைக்கு நெர இருபது அடி. செம்பனைக்கு இருபத்தாறு. அத நான் எத்தனையோ தோட்டத்துல அளந்திருக்கேன். உங்கம்மா சொன்ன பதினாலு, பால் மரத்து பதினாலு. எரநூத்து எம்பது அடி. நீ எண்ணினது செம்பன. முன்னூத்து அறுபத்து நாலு." அவர் மூடியிருந்த உள்ளங்கையை விரித்தார். மை கலைந்துபோய் 84 என்ற எண் மட்டும் தெரிந்தது. "எம்பத்து நாலு அடி தள்ளிப் போயிட்ட குமுதா."

சரியாக அப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் வந்து, "அக்கா, நாலு வடை" என்று கையை நீட்டி வரிசையின் நடுவிலிருந்து தானே எடுத்துக்கொண்டார். குமுதா சில்லறை கொடுத்தாள். அவர் போன பிறகும் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரும் அவளுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர்க் காட்டில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு எத்தனை எட்டு என்று அவள் கால்களுக்குத் தெரியும். ஒட்டுப்பால் பொறுக்கிய கால்கள். செம்பனைக்கு அதைவிட அதிகம் என்றும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பதினாலு என்ற எண்ணைத் தவிர அவள் மண்டையில் வேறு எதுவும் இருக்கவில்லை.

"எங்கம்மா பால் மரம் வெட்டுனவ" என்றாள். "செம்பனைக்காடு அவ பாத்ததே இல்ல. நெரன்னா அவளுக்கு அது ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா இது? எனக்குப் போயி தெரியாதா?"

"இருபத்திரண்டு வயசு. அம்மாவ எடுத்து பதினாறு நாள்தான் ஆகியிருந்திச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பாங்க."

"அப்ப நான் யார்கிட்ட பேசினேன்?" அவள் எண்ணெய்ச் சட்டியின் தீயை அணைத்தாள். "புனிதாவ யாரு குடுத்தது?"

வேலாயுதம் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கக் குமுதா ஒரு நிலையில் இல்லை. சம்பாலில் உப்புப் போட்டாளா என்று மறந்து மறுபடி போட்டாள். ஒரு நாள் மாரியாயி என்ற அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள், இத்தனை வருஷமாக என் அப்பாவின் சோற்றைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அதே பெண்ணின் மேல் கோபம் வந்தது. அப்பாவை நினைத்தால் இன்னும் மோசம். எண்பத்து நாலு அடி தள்ளி மகள் வந்து வேறு யாருக்கோ படையல் போடுவதை அந்த மனிதர் முப்பத்து மூன்று வருஷம் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பாரே என்று நினைத்து, வெங்காயம் உரிக்கும் சாக்கில் அழுதாள். இங்கேதான் இருக்கிறேன் குமுதா என்று கூப்பிடவும் முடியாது பாவம்.

வியாழக்கிழமை அவளே மாதவிக்குப் போன் செய்தாள்.

"நாப்பத்தொண்ணு உங்களுதுதாம்மா. எங்க வீட்டுக்காரரே அளந்து சொல்லிட்டாரு. நாளைக்கு வந்து எழுதிக் குடுத்துடுறேன். அம்மாகிட்ட..." அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

"அம்மாவும் வர்றாங்க அக்கா" என்றாள் மாதவி. "அந்த பிளானையும் எடுத்துட்டு வரேன். உங்க அப்பாவத் தேடலாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. சுடுகாட்டை ஒட்டியிருந்த செம்பனையைத் தள்ளி முடித்துவிட்டார்கள், எண்ணுவதற்கு ஒரு மரம்கூட இல்லை. சடக்கில் மண் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வேலாயுதம் வீட்டிலிருந்து தன்னுடைய பழைய இரும்பு டேப்பைக் கொண்டுவந்திருந்தார். மாதவி பிளானைப் பிடித்துக்கொண்டு மதகில் நின்றாள், சதீஷ்குமார் டேப்பின் நுனியைப் பிடித்தான். வேலாயுதம் தரையைப் பார்த்தபடி நடந்து, மூன்று தடவை ஆணி அடித்து, இருநூற்று எண்பதாவது அடியில் நின்றார்.

அங்கே மேடே இல்லை. லாலாங் புல் இடுப்பளவு நின்றது. விலக்கிப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் நாலு பள்ளம், நாலு இரும்புக் குச்சி. 17, 18, 19, 20. ஒன்றிலும் ரிப்பன் இல்லை.

"இதுல எது ஆன்டி?" என்றான் சதீஷ்குமார்.

குமுதா கணவரைப் பார்த்தாள்.

"சடக்குல இருந்து இவ்ளோ தூரம்னு நான் சொல்லிடுவேன். வேலிக்கு அந்தாண்ட நாலு எட்டுன்னாங்களே, வேலி இப்ப இல்ல. உங்கம்மா எட்டு எவ்ளோ நீளம்னும் எனக்குத் தெரியாது குமுதா."

அவள் அம்மா குள்ளம். குமுதா செருப்பைக் கழற்றிவிட்டு, வேலி இருந்திருக்கக்கூடிய இடத்தில் நின்று, சின்னச் சின்னதாக நாலு எட்டு வைத்தாள். பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் போய் நின்றாள். அம்மாவா எட்டு வைத்தாள், மாமா கை காட்டியதைத்தானே சொன்னாள் என்று நினைவு வந்தது. மாமா நெடுநெடுவென்று இருப்பார். திரும்பிப் போய் நீட்டமாக நாலு எட்டு வைத்தாள். இருபதைத் தாண்டிவிட்டாள். மூன்றாவது தடவை வந்தபோது முகம் சிவந்து, மூச்சு வாங்கியது.

"மணி மூணே கால் ஆன்டி" என்றான் சதீஷ்குமார். அவனுக்கும் என்னவோ போல் இருந்தது. "நாலு மணிக்கு சிஸ்டம் மூடிருவாங்க. ஏதாவது ஒண்ணு சொல்லிருங்களேன். யாரு வந்து கேக்கப் போறா?"

ஏதாவது ஒன்று. அப்படிச் சொல்லித்தான் முப்பத்து மூன்று வருஷம் போயிற்று. குமுதா பள்ளங்களைப் பார்த்தாள். ஒன்று அவள் அப்பா. மற்ற மூன்று பேரும் அவருக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். விடியற்காலையில் பேர் கொடுக்க ஒரே பிரட்டுக்கு நின்றவர்கள், ஒரே கள்ளுக்கடையில் உட்கார்ந்தவர்கள். நாலு மணிக்குப் பிறகு இவர்களை லோரியில் ஏற்றி ஒரே குழியில் கொட்டுவார்கள்.

"தம்பி, நாலு ஃபாரம் குடு" என்றாள்.

"நாலா?"

"நாலும் நான் எடுத்துக்கிறேன்."

"ஆன்டி, அப்பா ஒருத்தர்தானே? நாலுலயும் ஒரே பேர் போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

"அப்ப ஒண்ணுல அப்பான்னு போடு. மத்ததுல பெரியப்பா, சித்தப்பா, மாமான்னு போட்டுக்க. தோட்டத்துல நாங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டோம்."

"பேரு?"

"தெரியாதுன்னு எழுது. சொந்தம் நான்னு எழுது."

சதீஷ்குமார் வேலாயுதத்தைப் பார்த்தான். வேலாயுதம் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். "எழுதுப்பா. நாலு பேருக்கும் மருமகன்னு என் பேரையும் போட்டுக்க" என்றார். சதீஷ்குமார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினான். திரும்பி வரும்போது கையில் நாலு மஞ்சள் ரிப்பன் இருந்தது.

குமுதா கையெழுத்துப் போட்டு முடித்தபோது தூறல் ஆரம்பித்தது. பாசார் பையில் அதே பழைய பாட்டில், அதே இரண்டு சுருட்டு. கொண்டுவந்தது ஒருவருக்கு. இப்போது நாலு பேர். வேலாயுதம் பாட்டிலை உயர்த்திப் பிடித்து, விரலை வைத்து நாலு பங்கு எங்கே வரும் என்று பார்த்தார். பழக்க தோஷம், அவரால் அளக்காமல் இருக்க முடியாது.

அப்போதுதான் தாயம்மாள் கூப்பிட்டார். மாதவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு நாற்பத்தொன்றின் பக்கத்தில் நின்றிருந்தார். சமாதியின் மேல் சிவப்புப் பட்டுப் பாவாடை, கண்ணாடி வளையல், மல்லிகைச் சரம்.

"இங்க வாம்மா. நீ பாட்டுக்கு எங்க போற?"

குமுதா தயங்கித் தயங்கிப் போனாள். அந்தம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "தெரியாமப் பண்ணிட்டேம்மா. பொம்பளப் புள்ளன்னு தெரிஞ்சிருந்தா ஒரு முழம் பூவாவது..."

"அம்பத்து மூணு வருசமாச்சு எங்க அக்கா போயி" என்றார் தாயம்மாள். "கூடப் பொறந்தவ நான், எடம் தெரியலன்னு சொல்லிட்டு வீட்டுலயே கும்பிட்டுக்கிட்டு இருந்துட்டேன். நீதான் வந்திருக்க. புல்லு வெட்டியிருக்க, சாயம் அடிச்சிருக்க." அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வருசா வருசம் ஊத்திப் பழக்கிவிட்டுட்ட. இன்னிக்கு மட்டும் ஊத்தாம போனா அவ கோச்சுக்க மாட்டாளா? ஊத்து."

"ஏங்க, அஞ்சு பங்கு" என்றாள் குமுதா.

வேலாயுதம் விரலை நகர்த்தினார்.

அவள் மூடியைத் திறந்து, பாவாடையில் படாமல் குரோட்டன் செடியின் அடியில் ஊற்றினாள். ஊற்றும்போது வாய் தன்பாட்டில், முப்பத்து மூன்று வருஷமாக அந்த இடத்தில் சொன்னதையே சொல்லிற்று. "அப்பா, நான் குமுதா வந்திருக்கேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பாட்டிலோடு அப்படியே நின்றாள். மாதவி தலையைக் குனிந்துகொண்டாள். சடக்கில் ஒரு மண் லோரி தடதடவென்று போயிற்று.

தாயம்மாள் அவள் முழங்கையைப் பிடித்தார். "சத்தமா சொல்லும்மா" என்றார். "லோரி சத்தத்துல அந்தாண்ட அவங்களுக்குக் கேட்டிருக்காது."